திரும்பிப் பார்க்க மாட்டேன்

"கதவு தெறந்துதான் இருக்கு. உள்ள வாங்க" என்றாள் லீலா, திரும்பிப் பார்க்காமலே.

வாசற்படியில் நின்ற சேகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு தரம் தொண்டையைக் கனைத்தான், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழையுமுன் கனைப்பது அவனுடைய பழைய பழக்கம். அதை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டுவிட்டாளா?

மைசூரில் ரயில் இறங்கியதிலிருந்து அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வந்தது வேறு. கதவை முகத்தில் அறைவாள், காறித் துப்புவாள், காலில் விழுந்தாவது இன்னொரு தரம் சேர்ந்து வாழ இடம் கேட்க வேண்டும். பின்னே, கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு, கட்டட வேலையில் தன்னோடு சிமெண்ட் சுமந்த வடிவு என்கிறவளோடு சூரத்துக்கு ஓடிப்போனவனுக்கு ஆரத்தியா எடுப்பார்கள்? அந்த வடிவும் அவனை உதறிவிட்டுப் போய்ப் பல காலமாயிற்று. அதற்கு அப்புறம்தான் லீலாவின் ஞாபகமே வந்தது என்பதை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

உள்ளே லைட் போடவில்லை. ஒரே ஓர் அகல் விளக்கு. சாம்பிராணிப் புகையில் எதிர்ச்சுவர்கூடத் தெரியவில்லை. தரையில் தலைவாழை இலை. அதில் ஆவி பறக்கும் கேழ்வரகுக் களி, கறிக்குழம்பு, வெல்லக் கச்சாயம். எல்லாம் அவனுக்குப் பிடித்தவை. பக்கத்தில் மடிப்புக் கலையாத புது வேட்டி, சட்டை, ஒரு கட்டு பீடி. அதற்கும் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி.

"இதை நீயா வாங்கின?"

"நானேதானுங்க. கடையில கூட்டத்துல நின்னு வாங்கினேன். உங்களுக்குப் புடிக்குமில்ல?"

ஒரு காலத்தில் பாட்டிலைப் பிடுங்கித் துவைக்கிற கல்லில் உடைத்தவள் அவள். சேகரனுக்குப் பிடரியில் என்னவோ ஊர்ந்தது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தெருவில் நுழையும்போதே பார்த்தான், எல்லா வீட்டுக் கதவும் விரியத் திறந்து கிடந்தது, வாசலில் ஒருத்தரும் இல்லை, வீட்டுக்கு வீடு வறுவல் வாசனை. தசரா நெருங்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நாள் கிழமையெல்லாம் சூரத்திலேயே மறந்துபோயிருந்தது.

"லீலா, பந்த்ரா?"

பக்கத்து வீட்டுச் சென்னம்மா, வந்துவிட்டாரா என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கன்னடத்தில் கேட்டாள். தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போன்ற குரல்.

"பந்த்ரு அக்கா" என்றாள் லீலாவும் மெதுவாக.

அவன் வருவது ஈ காக்கைக்குத் தெரியாது. ஒரு போன்கூடச் செய்யவில்லை.

"நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் எலை போட்டுட்டுத்தான் இருக்கறேன். ஒரு தடவையாச்சும் வராமயா போயிருவீங்க?"

அந்த வார்த்தையில் அவன் உருகிப்போனான். இலை முன்னால் உட்கார்ந்தான். அவள் சமையல் மூலையில், முதுகைக் காட்டியபடியே இருந்தாள். கையில் ஒரு கண்ணாடி வளையல்கூட இல்லை. எல்லாம் தன் மேல் உள்ள கோபம்தான் என்று எண்ணிக்கொண்டான்.

"இப்படித் திரும்பி என் மூஞ்சியப் பாரு புள்ள."

"மாட்டேனுங்க. பாத்தா போயிருவீங்க."

"சத்தியமாச் சொல்றேன், இனி எங்கயும் போகமாட்டேன்."

"ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

களியைக் குழம்பில் தொட்டு விழுங்கினான். கண்ணில் நீர் முட்டியது. "நான் செஞ்சதுக்கு மன்னிப்பே இல்ல லீலா."

"எல்லாத்தையும் எப்பவோ மன்னிச்சாச்சுங்க. அந்த வடிவையும் சேத்துத்தான்."

அந்தக் குரலில் சூடில்லை, சுரணையில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்றால் தெருவையே கூட்டுகிறவள் இப்படிப் பேசுவது அவனுக்குப் பயமாக இருந்தது. நாலு வசவு விழுந்தால் தேவலை என்றிருந்தது.

திறந்த கதவு வழியே காற்று வீசியது. சாம்பிராணிப் புகை விலகியது. எதிர்ச்சுவரில் அவனுடைய போட்டோ. சந்தன மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது.

வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"சூரத்துல சாரம் சரிஞ்சு நீங்க செத்துட்டீங்கன்னு ரத்தினவேல் மேஸ்திரி வந்து சொன்னாரு. கோவமெல்லாம் அன்னிக்கே போயிருச்சுங்க" என்றாள் லீலா சுவரைப் பார்த்தபடி.

சாரம் சரிந்தது நிஜம். அடியில் சிக்கிய அவன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்ததுதான் மேஸ்திரிக்குத் தெரியாது.

"மகாளய அமாவாசைக்குச் செத்தவங்க வந்து சாப்பிட்டுப் போவாங்க, திரும்பிப் பாத்தா மறைஞ்சிருவாங்கன்னு சென்னம்மாக்கா சொல்லுச்சு. செத்தவங்க மேல என்னங்க கோவம்? உசுரோட மட்டும் வந்திருந்தீங்க, அதா, கதவோரம் இருக்குதே வெளக்கமாறு, அதாலயே மொத்தித் தெருவுல தள்ளியிருப்பேன்."

அவள் குரல் முதன்முதலாக உடைந்தது. திரும்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். "போறதுக்கு முன்னால கைய ஒருக்கா குடுங்க. சில்லுன்னு இருந்தாலும் பரவால்லீங்க."

கதவு திறந்துதான் இருந்தது. சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டால், மன்னிக்கப்பட்ட புருஷனாகவே அந்தப் படத்தில் இருந்துவிடலாம்.

சேகரன் கதவைப் பார்த்தான். கதவோரம் இருந்த விளக்குமாற்றைப் பார்த்தான். பிறகு, களிச்சூடு ஆறாத தன் கையை அவள் கையில் வைத்தான்.