அந்த டிக்கைப் போட்டது யார்?

"இந்த சிப் நாளைக்கு ஃபேக்டரிக்குப் போகக் கூடாது சார்!"

மேனேஜர் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறது.

"நேத்து வரைக்கும் ரிப்போர்ட் சுத்தமா இருந்ததேம்மா?"

"அது பொய்ச் சுத்தம் சார்."

அவள் வேலையே அதுதான். சிப்புக்காக வரைந்த படத்தை சாஃப்ட்வேரிடம் கொடுப்பாள். எந்தக் கம்பி எதைத் தொடுகிறது என்று பார்த்து, படத்துக்குள் இருக்கும் சர்க்யூட்டை அது பிரித்தெடுத்துக் கொடுக்கும். நினைத்ததைத்தான் வரைந்திருக்கிறார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

"அதுல ஒரு கட்டம் இருக்கு சார். டிக் போட்டா, ஒரே பேர் எழுதின ரெண்டு கம்பி தொடாமலே இருந்தாலும் சேர்ந்திருக்குன்னு எடுத்துக்கும். படம் பாதியில இருக்கும்போது போட்டுக்கலாம். முடிஞ்சதும் எடுத்துடணும். இன்னிக்கு நான் எடுத்துட்டு ஓட்டினேன். கரண்ட் வர்ற கம்பியே நடுவுல விட்டுப்போயிருக்கு!"

"ஐயையோ! அப்படியே போயிருந்தா?"

"அத்தனை சிப்பும் வெறும் கல்லு."

எல்லோரும் கோட்டு அண்ணனைப் பார்த்தார்கள். படம் வரைந்தவர் அவர். நாளெல்லாம் திரையில் கோடு போடுவதால் அந்தப் பெயர்.

"கம்பி போட மறந்துட்டு, ரிப்போர்ட் சுத்தமா வரட்டும்னு டிக் போட்டிருக்காங்க. இது மறதி இல்லை சார், ஏமாத்து வேலை" என்றாள், அவரைப் பார்த்தே.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் சார் போட்டேன்."

"அடுத்த சிப்புக்கு உங்களைத்தானே லீடரா போடறதா இருந்தேன்!"

"பரவாயில்லை சார்."

"என்ன பரவாயில்லை? இனிமே நீதான்மா லீடர்!" மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். "கைக்குழந்தைக்காரிக்கு வேலையில புத்தி நிக்குமா, ஒரு தப்பு வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு மேலே சொன்னாங்க. போன வாரம் கோட்டு அண்ணன்கிட்டகூட சொல்லிப் புலம்பினேன். அவங்க மூஞ்சியில கரியைப் பூசிட்டே!"

அவள் தலை நிமிர்ந்து தன் இடத்துக்கு வந்தாள். முதல் வேலையாகக் கணவனுக்கு போன் செய்தாள்.

"இனிமே என்னை லீடரம்மான்னுதான் கூப்பிடணும்!"

"உத்தரவு லீடரம்மா! உன் பொண்ணு இங்கே என்னை லீட் பண்ணிட்டிருக்கா, வெச்சிடறேன்."

சிரித்துக்கொண்டே இந்தத் தப்பைப் பற்றிய அறிக்கையை எழுத ஆரம்பித்தாள். யார், எப்போது என்று இரண்டு கட்டங்கள் காலியாக இருந்தன. அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என் பேரைப் போட்டு அனுப்பிடும்மா. பழைய பதிவெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"ஏண்ணா, இன்னும் என்னென்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

அவர் விட்டுப்போன கம்பியை வரையப் போய்விட்டார்.

ஆதாரம் இல்லாமல் அவள் எழுதமாட்டாள். பதிவைத் திறந்தாள். யார் எதை எப்போது மாற்றினாலும் சாஃப்ட்வேர் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த டிக்கைப் போட்டது பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

முதலில் தேதியைப் பார்த்தாள். வலி எடுத்து, போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள். மகள் பிறந்த நாள்.

மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.