உள்பையில் சிவப்பு நூல்

கொலைகாரன் இருபது வருடமாகியும் பிடிபடாத வழக்கு இப்போது சினிமாவாகிறது. கொலையான பெண் போட்டிருந்த நீலச் சட்டையைப் போலவே ஒன்று தைக்கச் சொல்லி, படக் கம்பெனி ஆள் கடையில் வந்து நிற்கிறான். செத்தவள் தன் தங்கை என்று தையல்காரி மூச்சுவிடவில்லை. வெயில் விழும் மேசையில் துணியை விரித்துக் கோடு போடுகிறாள். “உள்பை மட்டும் சிவப்பு நூல்ல தைக்கணும்க்கா.” சாக்பீஸ் பட்டென்று ஒடிகிறது. நீல நூல் தீர்ந்துபோய், தங்கை செத்த அன்று காலையில்தான் உள்பையை இவள் சிவப்பில் ஒப்பேற்றினாள். தங்கை அப்படியே போட்டுக்கொண்டு ஓடினாள். அவள் உடல் கிடைத்தது. சட்டை இன்றுவரை கிடைக்கவில்லை. “இத யாரு சொன்னா?” “கதை எழுதினவருதான். அவருக்கு எல்லாமே அத்துப்படி. அதோ, கார்லதான் இருக்காரு.” வாசலில் கார் கண்ணாடி மெல்ல இறங்குகிறது. உள்ளேயிருப்பவர், வெகுநாள் பழகியவர்போல, அவளைப் பார்த்துத் தலையசைக்கிறார்.