ஆறாவது ஊர்

லவினியா துப்பாக்கிக் குழலுக்குள் மருந்தைக் கொட்டிக் குச்சியால் இறுகக் குத்தினாள். பிறகு, புருஷன் ஓரின் தினமும் குனிந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக் குறிவைத்தாள்.

ஓரின் அங்கே இல்லை. பயணத்துக்குக் கயிறு வாங்க ஓடையைத் தாண்டிப் போயிருந்தான். குழலுக்குள் ரவையும் இல்லை. மூன்று மாதமாக அவள் சேர்த்து வைத்த தங்கப்பொடிதான் இருந்தது.

விசையை இழுத்தாள். ஓரின் தோண்டித் தோண்டி அலுத்துப்போன குழியின் மண்சுவரில் தங்கம் போய்ப் பதிந்தது.

"பட்டுச்சாம்மா?" என்று மேட்டில் இருந்த வீட்டு வாசலிலிருந்து மகள் டீலியா கேட்டாள். முயல் சுடப் போவதாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தது.

"பட்டுச்சு. இனிமே எங்கயும் ஓடாது."

மிசௌரியிலிருந்து கிளம்பி இரண்டு வருஷம் ஆகிறது. கலிபோர்னியாவில் இது ஐந்தாவது ஊர். ஒவ்வொரு தடவை வண்டி கட்டும்போதும் பாரம் தாங்காமல் எதையாவது வழியில் இறக்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். முதலில் ஆடும் நாற்காலி போனது, அப்புறம் கடிகாரம், இறகு மெத்தை. மிஞ்சியது வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றுதான். அதுவும் பாலைவனத்தில் லவினியா அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றதால் மிஞ்சியது.

இந்தத் தடவை அதற்கும் வேளை வந்துவிட்டது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மண் அலசும் தட்டில் மஞ்சளாக எதுவும் மின்னாவிட்டால் வடக்கே கிளம்புவது என்று ஓரின் தீர்மானமாகச் சொல்லிவிட்டான். அங்கே உருளைக்கிழங்கு அளவில் கிடைக்கிறதாம். யார் பார்த்தது என்று அவள் கேட்டாள். பார்த்தவனைப் பார்த்த ஒருத்தனைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றான். மிச்சமிருக்கும் ஒரு ஜோடி மாடு அடுப்பை இழுக்காது, அதை இங்கேயே விட்டுவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டான். இன்று சனிக்கிழமை.

இத்தனைக்கும் குடும்பமே அந்த அடுப்பால்தான் சாப்பிட்டது. ஆப்பிள் வற்றல் போட்டு அவள் சுடும் கேக்குக்கு, சுரங்கக்காரர்கள் விடியும்போதே வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு துண்டு, அதற்கு விலை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் அள்ளும் ஒரு சிட்டிகைத் தங்கப்பொடி. கேக்கைக் கண்ட ஆசையில் விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தும். கடை முடிவதற்குள் மேஜை ஒரே தூளும் பிசுக்குமாக ஆகிவிடும். தினமும் எட்டு வாளித் தண்ணீரில் கழுவிப் பின்வாசல் வழியாகச் சரிவில் கொட்டுவாள்.

கேக் விற்று வருவதை ஓரின் தங்கத்தோடு சேர்த்ததே இல்லை. அவனுக்குத் தோண்டி எடுத்தால்தான் தங்கம்.

மத்தியானம் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கடைசியாக ஒரு தட்டு அலசிப் பார்த்துவிடுகிறேன் என்று குழிக்குள் இறங்கினான். லவினியா மாவைத் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டாள்.

முதலில் மண் அலசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஓரினின் தொப்பி வானத்தில் பறந்தது. அவன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து மேட்டில் ஏறி ஓடிவந்தான். மாவுக் கையோடு அவளைப் பிடித்துச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். வடக்கும் வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம், சாகிறவரை இங்கேதான் என்றான். டீலியா வண்டியில் ஏறி மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே உருட்டிவிட்டாள். லவினியா அடுப்பின் பக்கவாட்டைத் திருட்டுத்தனமாக ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள்.

ஆனால் ஓரின் இரண்டு வருஷம் சும்மா தோண்டவில்லை. தங்கம் இருக்கிற இடத்திலேயே முளைப்பதில்லை, மேலே எங்கிருந்தோ உருண்டு வருகிறது என்பது அவனுக்குத் தெரியும். வேர் எங்கே என்று தேடி, சரிவில் பத்தடிக்கு ஒரு தட்டு மண் அள்ளி அலசிக்கொண்டே மேலேறத் தொடங்கினான்.

லவினியா உள்ளுக்குள் சிரித்தாள். அவள் சுட்டது குழிக்குள் மட்டும்தான். சரிவில் என்ன இருக்கப் போகிறது, அலுத்துத் திரும்பி வருவான்.

"இங்கயும் இருக்கு லவ்வி," என்று அவன் குரல் வந்தது. அடுத்த பத்தடியில் முன்னைவிட அதிகம் இருந்தது. அதற்கடுத்த தட்டில் அதைவிட அதிகம்.

மாவுருட்டும் கட்டை அவள் கையில் நின்றுவிட்டது. அந்தத் தங்கத்தை அவள் போடவில்லை. அப்படியானால் அது நிஜம். இந்த மண்ணிலேயே இருந்திருக்கிறது.

அவளுக்குக் காது மடல் சூடானது. கண்ணாடி ஜன்னல், பித்தளைக் கட்டில், டீலியாவுக்குச் சிவப்பு பூட்ஸ். இல்லை, ஆளுக்கு இரண்டு ஜோடி சிவப்பு பூட்ஸ். பரப்பிய மாவில் விரலால் மாடிவீடு ஒன்றை வரைந்து, புகைபோக்கியும் வைத்தாள். இரண்டு வருஷமாக ஓரினைப் பைத்தியம் என்று திட்டியதையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நிறுத்தாதே, ஓரின்," என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள். "இன்னும் மேல பாரு."

அவன் பார்த்தான். எப்போதும் ஈரமாகவே கிடக்கும் பின்வாசல் படியோரத்து மண்ணை அள்ளி அலசியதும் தட்டின் அடி முழுக்க மஞ்சளாகிவிட்டது. தங்கத்தின் கோடு நேராக வீட்டுக்குள்தான் போகிறது என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை.

கடப்பாரையும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றான். பாதிரியார் முன்னால் நிற்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்:

"லவ்வி, அடுப்பை வெளியே தூக்கிப் போட்டுடலாம்."