ஒரு பெயர், ஒரு கப்பல்

புதுக் கப்பலின் பக்கவாட்டில், புயலில் மூழ்கிய பழைய கப்பலின் பெயரையே எழுதியிருந்தார்கள். அந்த மூழ்கிய கப்பலில் புருஷனைப் பறிகொடுத்தவளை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள்.

“இந்தப் பேர்ல இது மூணாவது கப்பல்மா,” என்றார் கடற்படை அதிகாரி பெருமையாக. “ஒரே சமயத்துல ஒரே பேர்ல ரெண்டு கப்பல் வச்சுக்க மாட்டோம். பழசு கடலுக்கு லாயக்கில்லைன்னு கழிச்சுக் கட்டின பிறகுதான், புதுசுக்கு வேலையே ஆரம்பிப்போம்.”

“கட்டி முடிக்க ரொம்ப நாளாச்சா சார்?”

“ஏழு வருஷம்மா. உயிரைக் கொடுத்துக் கட்டினோம்.”

கத்தரிக்கோல் அவள் கையிலேயே நின்றது.

“என் வீட்டுக்காரரை அந்தப் பழைய கப்பல்ல ஏத்தி அனுப்பி அஞ்சு வருஷம்தானே சார் ஆகுது?”

அதிகாரி கேமராக்களைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்.

“ரிப்பனை வெட்டுங்கம்மா.”