மூன்றாம் பேஸுக்கு வந்த பெருமை

பள்ளிக்கூடத்து சாஃப்ட்பால் மைதானத்தில் நான் மூன்றாம் பேஸ், தரையில் கிடக்கிற வெள்ளை மெத்தை. இன்னும் ஒரு ரன் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஜெயம். ஓடி வந்த அபிதா என்மேல் வைத்த காலை எடுக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாக்கா, என்னை விட்டுப் போக மனசே இல்ல அவளுக்கு," என்றேன்.

இரண்டாம் பேஸ் சிரித்தது. "அடி பைத்தியமே, பந்து வீசுறதுக்கு முன்னாடி காலை எடுத்தா அவுட்டு. என்கிட்டயும் அப்படித்தான் நின்னா."

பந்து வீசினார்கள், எங்கள் பிள்ளை ஒருத்தி அடித்தாள். அவள் என்னை ஒரு உதை உதைத்துவிட்டுப் பறந்தாள். இனி இவளோடு பேச்சே கிடையாது என்று நினைத்தேன். அதற்குள் எதிர் டீம் பிள்ளை பந்தை எடுத்து, அவளை அவுட்டாக்க ஹோம் பேஸுக்கு எறிந்துவிட்டாள்.

"ஓடு கண்ணு, ஓடு!"

அபிதா சறுக்கிக்கொண்டு போய், பந்து வருமுன் ஹோம் பேஸைத் தொட்டுவிட்டாள். அந்த ஒரு ரன் வந்துவிட்டது.

"யாருடி கத்தினது?" என்றது இரண்டாம் பேஸ்.

"தெரியலக்கா, காத்தா இருக்கும்," என்றேன்.