அண்ணியின் முப்பது தாள்கள்

விலைமதிப்பே இல்லாத கலை என்று அண்ணி மார்தட்டிய அந்த ஒற்றை அச்சுத்தாளுக்கு, ஒரு கட்டு வெள்ளைத்தாளின் விலையைக் கொடுத்தார் வாழ்த்து அட்டைக் கடைக்காரர். “இதே மாதிரி முப்பது வேணும். வெள்ளிக்கிழமை தவறினா வேற ஆளப் பாத்துக்குவேன்.”

வியாழன் மதியம் வரை ஒன்றும் தேறவில்லை. அச்செடுக்கும் ஜெல் தட்டில் உருளையால் வண்ணம் தடவி, இலை வடிவம் வெட்டிய ஸ்டென்சில் அட்டையை வைத்து, தாளை அழுத்தி உரித்தால், ஒன்று வண்ணம் அப்பிக்கொண்டது, இல்லாவிட்டால் தாளே ஒட்டிக்கொண்டு கிழிந்தது.

“ஒரு யோசனை சொல்லட்டுமா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“நீ உன் வேலையப் பாரு. தட்டுப் பக்கம் வராத.”

நாற்பதாவது தாளும் பாழானதும் அண்ணி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். “அந்த ஒண்ணு மட்டும் எப்படித்தான் வந்துச்சோ.”

“அது அச்சே இல்ல அண்ணி. அன்னைக்கு உருளையையும் ஸ்டென்சிலையும் கழுவாமப் போட்டுட்டுப் போயிட்டீங்க. நான்தான் ஒரு தாள்ல தேய்ச்சுத் துடைச்சேன்.”

“ஏண்டி சொல்லல?”

“சொல்றதுக்குள்ள உங்களுதுன்னு வித்துட்டீங்களே.”

அண்ணி உருளையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“துடைச்சுத் தரேன். தாளுக்கு ஒரு நாள் பாத்திரம் நீங்க தேய்க்கணும்.”

சாயங்காலத்துக்குள் முப்பதும் தயார். அண்ணி அன்றைய பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்தாள். பாக்கி இருபத்தொன்பது நாள்.