விரலில் பட்ட கறை

"இது என்ன சார் கறை?"

தாளாளர் அறையில் மகள் ஜோதிகாவின் விரல்களைப் பிடித்துக் காட்டினார் வள்ளிமயில். பிளஸ் டூ வேதியியல் ஆசிரியர் சேதுபாண்டி குனிந்து பார்த்தார். அந்தத் தனியார் பள்ளியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"சில்வர் நைட்ரேட்டும்மா. கடல் தண்ணியில விட்டா தயிர் மாதிரி வெள்ளையாத் திரளும். பிள்ளைக அவங்களே செஞ்சு பாத்தாங்க."

"எதுக்கு? நாங்க படிச்ச காலம் வேற. இப்ப நீட்டுல ஒரு கேள்விக்கு ஒரு நிமிசம்தான். விடையை மட்டும் சொல்லி மனப்பாடம் பண்ண வைங்க. இல்லன்னா டி.சி. குடுங்க, வேற ஸ்கூல்ல சேத்துக்கிறேன்."

"இனிமே லேப் சாவி என்கிட்டதாம்மா இருக்கும்" என்று தாளாளரே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ராமநாதபுரத்தில் வேதியியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி முகாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்த சேதுபாண்டி, மேடையைப் பார்த்து அசந்துபோனார். 'செய்முறைக் கல்விக்காக விருது வாங்கிய அரசுப் பள்ளி வேதியியல் ஆசிரியை' என்ற அறிமுகத்தோடு மைக்கைப் பிடித்தவர் வள்ளிமயில்.

"மனப்பாடம் பிள்ளைகளோட மூளையைக் கெடுத்துரும்!" என்று முழங்கியவரின் கண்ணில் சேதுபாண்டி பட்டுவிட்டார். இனி அவர் பேச்சு தடுமாறும் என்று சேதுபாண்டி நினைத்தார். கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அந்தா கடைசியில உக்காந்திருக்காரே, சேதுபாண்டி சார்! கடல் தண்ணியை வச்சே பாடம் நடத்துறாரு. வாத்தியாருன்னா இப்படி இருக்கணும். எந்திரிங்க சார்! எல்லாரும் கை தட்டுங்க!"

அரங்கமே தட்டியது. சேதுபாண்டி எழுந்து கும்பிட்டார். திங்கட்கிழமை முதல் ஜோதிகாவின் வகுப்பு உருப்போட வேண்டுமென்று தாளாளர் கொடுத்த ஐந்நூறு கேள்வி பதில்கள் அவர் தோள்பையில் கனத்தன.